வெளியே போன சத்தம்

"சித்தி, கொலைக் கேஸ் வந்திருக்கு. பிணத்தை நான்தான் மாடிக்குத் தூக்கிட்டு வந்தேன்" என்று மூச்சிரைக்கச் சொன்ன பல்பு, அந்தக் கறுப்புப் பெட்டியை மேஜைமேல் இறக்கினான். மேஜையின் ஒரு கால் முனகியது.

சித்தி நெற்றியில் கிடந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். முன்பக்கம் முழுக்கத் துணி போட்டு மூடிய ஒரு பெட்டி. மேலே ஒரு வரிசை குமிழ்கள். கிடார் ஆம்ப்ளிஃபயர்.

சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் சித்தியின் துப்பறியும் நிலையம். பாதி வாழ்க்கையை ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் கழித்தவர். டிக்கெட் இல்லாதவனை அவன் உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே கண்டுபிடிக்கும் கண்ணை வீணாக்கக் கூடாது என்று, வேலையை விட்ட கையோடு போர்டு மாட்டிவிட்டார். பல்பு அவருடைய அக்கா மகன். முப்பதைத் தாண்டியவன். போன இடத்திலெல்லாம் பல்பு வாங்கிக்கொண்டு வந்ததால் அந்தப் பெயர். அதையே விசிட்டிங் கார்டிலும் அச்சடித்துக்கொண்டான்.

பெட்டிக்குப் பின்னாலேயே ஒரு ஒல்லியான ஆள் கிடார்ப் பையோடு உள்ளே வந்தார். வார நாட்களில் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் 'மின்னல்'. அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தவர் அவரேதான்.

"மேடம், இது சதி" என்றார் மின்னல், உட்காருவதற்கு முன்பே. "பாட்டுக் குழுக்களுக்கான போட்டி. இறுதிச் சுற்று. கடைசிப் பாட்டுல என்னோட தனி வாசிப்பு. நாலு நோட்டு வாசிச்சேன், அஞ்சாவது நோட்டுக்கு ஆம்ப் ஊமையாயிடுச்சு. முன்னால அத்தனை பேர். நான் விரலை ஆட்டிட்டு நிக்கிறேன், சத்தம் இல்ல. காத்துல சொறிஞ்சு விடற மாதிரி இருந்துச்சு."

"பார்க்கறதுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றான் பல்பு.

சித்தி அவனை ஒரு பார்வை பார்த்தார். "ஆம்ப் ரிப்பேரா?"

"அதான் மேடம் சதி. மறுநாள் ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அவர் கிடாரை முன்னால சொருகினார். கணீர்னு அடிக்குது. ஒரு குறையும் இல்ல, எடுத்துட்டுப் போங்கன்னுட்டார்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. என் மச்சான். அக்கா புருஷன். மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார், எங்க குழுவுல கீபோர்டு வாசிக்கிறார். தனி வாசிப்பு அவருக்குத் தரலைன்னு அவருக்கு வயித்தெரிச்சல். அதை அக்காகிட்டயே நேரா சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

மின்னலின் குரல் இறங்கியது. "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னுட்டா. அம்மாவோட போனைக்கூட எடுக்கறதில்ல. ஜட்ஜுங்க மின்கோளாறுன்னு நினைச்சு இன்னிக்கு சாயங்காலம் மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்காங்க. கீபோர்டு இல்லாம அந்தப் பாட்டை வாசிக்க முடியாது. ஆனா குத்தத்தை ஒத்துக்காத வரைக்கும் அந்த ஆள்கூட நான் மேடை ஏற மாட்டேன்."

"ஆதாரம்?"

மின்னல் போனை நீட்டினார். மேடை. கிடாரோடு வளைந்து நிற்கும் மின்னல். நாலு நோட்டு. பிறகு நிசப்தம். கீபோர்டுக்குப் பின்னால் இருந்த குண்டான மனிதர் எழுந்து போய் ஆம்புக்குப் பின்னால் குனிகிறார். அத்தோடு படம் முடிந்தது.

"பார்த்தீங்களா? தடயத்தை அழிக்கிறார்."

"சத்தம் போனதுக்கு அப்புறம்தானே குனியறார்? சரி, படம் ஏன் இங்க நின்னு போச்சு?"

"தேவையானதை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன்."

"டிக்கெட்டைப் பாதி கிழிச்சுக் காட்டறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்" என்றார் சித்தி. எழுந்து ஆம்பைச் சுற்றி வந்தார். பின்பக்கம், ஒயர் சொருகுகிற இரண்டு ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "முன்னால கிடாருக்கு ஒரு ஓட்டை இருக்கே. பின்னால இந்த ரெண்டும் எதுக்கு?"

மின்னலின் முகம் மலர்ந்தது. வீட்டில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"இதுக்குப் பேரு லூப் மேடம். ஆம்ப்னா உள்ளே ரெண்டு பேர் வேலை பாக்கறாங்கன்னு வெச்சுக்குங்க. முதல் ஆள் கிடார் சத்தத்துக்குக் குணம் கொடுப்பான், கரகரப்பு, உறுமல் எல்லாம். ரெண்டாவது ஆள் அதைப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவான். இந்த 'செண்ட்' ஓட்டை வழியா முதல் ஆள்கிட்டேருந்து சத்தம் வெளிய வரும். என்னோட எக்கோ பெடல்ங்கற சின்னக் கருவிக்குள்ள போகும். எதிரொலியைச் சேர்த்துக்கிட்டு இந்த 'ரிட்டர்ன்' வழியா ரெண்டாவது ஆள்கிட்ட வந்து சேரும்."

"பெடலை முன்னாலயே, கிடாருக்குப் பக்கத்துல வெச்சா என்ன?"

"கரகரப்பு பெடலை அங்கதான் வெப்பேன். எக்கோவை வெச்சா கெட்டுது. முதல்ல கத்தணும், அப்புறம்தான் எதிரொலி கேக்கணும். எதிரொலியைப் பிடிச்சுக் கத்த வெச்சா எல்லாம் ஒண்ணா குழைஞ்சிடும்."

"எங்க பெரியப்பா பேசற மாதிரி" என்றான் பல்பு.

சித்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரிப்பேர் கடையில இந்தப் பின் ஓட்டையில ஒயர் இருந்துச்சா?"

"இல்ல. பெடலை வீட்டிலேயே விட்டுட்டுப் போனேன். ஒயர் இல்லாட்டி சத்தம் வெளிய வராது, உள்ளுக்குள்ளேயே நேரா போயிடும்."

"அப்ப ரிப்பேர் கடைக்காரர் ஆம்பை மட்டும்தான் சோதிச்சிருக்கார். உங்க சத்தம் மேடையில ஆம்புக்குள்ள சாகலை. செண்ட் வழியா நல்லபடியா வெளிய போச்சு, ரிட்டர்னுக்கு வந்து சேரலை."

"கொலைக் கேஸ் இல்லையா அப்போ?" பல்புவுக்கு ஏமாற்றம். "ஆளைக் காணோம் கேஸா?"

"ஆமா. வழியில ஒரே ஒரு வீடு. எக்கோ பெடல். கடைசியா அங்கதான் போயிருக்கு." சித்தி செருப்பைத் தேடினார். "முழுப் படம் யார்கிட்ட இருக்கு?"

"அம்மாகிட்ட. அவங்கதான் எடுத்தாங்க."

"ஆம்பைத் தூக்குடா."

"சித்தி, இப்பத்தானே ஏத்தினேன்."

"இறங்கறப்போ சுலபமா இருக்கும்."

*

மின்னலின் அம்மா கதவைத் திறந்ததும் முதலில் மகனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மகள் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் வாடியது. பல்புவையும் அவன் கையிலிருந்த பெட்டியையும் பார்த்துவிட்டு, "அதை அந்த ஓரமா வைப்பா. அதாலதான் இந்த வீடு ரெண்டுபட்டுச்சு" என்றார்.

படம் என்றதும் கொஞ்சம் தெம்பு வந்தது. போனை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். எல்லோரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"ஓரத்துல கொழுகொழுன்னு ஒண்ணு தெரியுதே, அது யாரு?" என்று கேட்டான் பல்பு.

"என் கட்டைவிரல்."

"நல்லா நடிச்சிருக்கு."

நாலு நோட்டு. நிசப்தம். மின்னல் கிடாரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு விருட்டென்று மேடையை விட்டு வெளியேறினார். வெட்டிய படத்தில் இந்த இடத்தையும் நடுவிலிருந்து நீக்கியிருந்தார். மச்சான் எழுந்து வந்து ஆம்புக்குப் பின்னால் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஒயர்கள் அவர் கையில் தொங்கின. உடனே ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழுந்தது. ஆம்புக்கு உயிர் வந்துவிட்டது. மச்சான் நிமிர்ந்து கிடார்க்காரரைத் தேடினார். அங்கே கிடார் மட்டும் கிடந்தது.



"மாப்பிள்ளை பாவம், உன்னைத் தேடி மேடைக்குப் பின்னால எல்லாம் ஓடினார்" என்றார் அம்மா மகனிடம். "அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ காது கொடுத்தாதானே."

மின்னல் தொண்டையைச் செருமினார். "ஒயரைக் கழட்டினா சத்தம் வரும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குன்னா, எது பழுதுன்னும் தெரிஞ்சிருக்கு. செஞ்சவனுக்குத்தானே அது தெரியும்?"

சித்தி பதில் சொல்லாமல் படத்தைப் பின்னால் ஓட்டினார். "ஆம்ப் தலைமேல சிவப்பா ஒரு புள்ளி தெரியுதே?"

"எக்கோ பெடலோட லைட். அதை நான் மிதிக்கறதே இல்ல, எப்பவும் ஓடிட்டே இருக்கும். அதனால ஆம்ப் மேலேயே வெச்சிடுவேன்."

"இப்ப பாருங்க." நாலாவது நோட்டு. புள்ளி இருந்தது. ஐந்தாவது நோட்டு. புள்ளி இல்லை. "பெடல் செத்துப்போச்சு. அதுக்கு எங்கேருந்து கரண்ட்?"

"சார்ஜ் ஏத்தற ஒரு சின்னப் பெட்டி. பவர் பேங்க் மாதிரி. பழசு, ரொம்ப நேரம் தாங்காது. அதனால மேடையிலயும் அடாப்டரை பிளக்ல சொருகியே வெச்சிருப்பேன்."

"வீட்டுக்கு வந்து பார்த்தப்போ அது காலியா இருந்துச்சா?"

"பார்க்கலையே. வந்ததும் எல்லாத்தையும் சார்ஜ்ல போட்டுடறது வழக்கம்" என்ற மின்னல், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம். அப்ப யாரோ அடாப்டரைப் பிடுங்கியிருக்காங்க. பெட்டி இருந்த சார்ஜ்ல கொஞ்ச நேரம் ஓடியிருக்கு, கரெக்டா என் வாசிப்பு வந்தப்போ தீர்ந்திருக்கு. பிளக் பலகை கீபோர்டுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் சொல்லலை?"

பல்பு ஆமோதித்துத் தலையாட்டினான். சித்தி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"படம் நல்லா எடுத்திருக்கீங்க. போன் நிகழ்ச்சி முழுக்கத் தாங்குச்சா?"

"எங்க தாங்குது? ஹாலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே செத்துப்போச்சு. இவன்தான் மேடைக்குப் பின்னால கொண்டு போய் சார்ஜ் போட்டுக் குடுத்தான். போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னால போனை மட்டும் கொண்டாந்து குடுத்தான். சார்ஜரை அங்கயே விட்டுட்டான், மறதிக்காரன்."

சித்தி மெதுவாக மின்னலைப் பார்த்தார். ரயிலில் அந்தப் பார்வைக்குப் பயந்து ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தவர்கள் உண்டு.

"பிளக் பலகையில இடம் இருந்துச்சா?"

"இல்ல மேடம், எல்லாம் நிரம்பியிருந்துச்சு. ஆனா நான் பெடல் அடாப்டரைத் தொடலை" என்றார் மின்னல் அவசரமாக. "மச்சானுக்கு ரொம்ப வேர்க்கும். எங்க போனாலும் ஒரு சின்ன விசிறியைக் கொண்டாந்து கீபோர்டு பக்கத்துல வெச்சுக்குவார். ராஜா கணக்கா. அந்த விசிறியோட அடாப்டரைத்தான் பிடுங்கினேன். ஒரு நாள் வேர்க்கட்டுமேன்னு."

"விசிறி அடாப்டர் என்ன கலர்?"

"கறுப்பு."

"பெடல் அடாப்டர்?"

"அதுவும் கறுப்பு" என்றார் மின்னல். திறந்த வாய் மூடவில்லை.

சித்தி படத்தை மறுபடி ஓட்டவிட்டு, திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். கீபோர்டின்மேல் சுரக் குறிப்புத் தாள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மச்சானின் முன்மயிர் அலை அலையாகப் பறந்தது. முதல் பாட்டிலிருந்து நிசப்தம் வரைக்கும், அதற்குப் பிறகும்கூட.

"மூடின ஹால்" என்றார் சித்தி. "காத்து எங்கேருந்து வருது?"

பல்பு எழுந்து ஓரமாக இருந்த ஆம்பை ஒருமுறை தடவிக் கொடுத்தான். "சித்தி, குற்றவாளி கண்ணு முன்னாடி இருக்கார். நம்மகிட்ட கேஸ் குடுத்ததும் அவர்தான். விலங்கை யார் மாட்டறது? அவரையே மாட்டிக்கச் சொல்லலாமா?"

மின்னல் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "மேடம், பெடல் பழசாயிடுச்சுன்னு சொல்லிட்டா போதாதா? விசிறி விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாமே."

"ஒருத்தருக்குத் தெரியும்" என்றார் சித்தி. "உங்க மச்சான் ஆம்புக்குப் பின்னால போனார். ஒயரைப் பிடுங்கினார். அப்ப பெடலுக்குக் கரண்ட் இல்லைன்னு பார்த்திருக்கார். பலகை அவர் காலடியில. அடாப்டர் கீழ கிடந்ததும் கண்ணுல பட்டிருக்கும். இவ்வளவும் தெரிஞ்சவர், நீங்க அவரைத் திருடன் மாதிரி குத்தம் சாட்டினப்போ ஏன் வாயைத் திறக்கலை? எனக்கு அதுதான் புரியலை. வாங்க."

"ஆம்ப்?" என்றான் பல்பு நடுங்கும் குரலில்.

"அதையும்தான்."

*

மூக்குக்கண்ணாடிக் கடையில் அக்காதான் முன்மேஜையில் இருந்தார். தம்பியைக் கண்டதும் எழுந்தார். ஆனால் பின்னாலேயே அம்மா வந்ததால் வாசப்படிப் பேச்சை எடுக்க முடியவில்லை. "பார்வை சரியில்லைன்னா உக்காருங்க, பரிசோதிப்பாங்க" என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே மச்சான் ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்குப் பக்கத்தில் சின்ன விசிறி சுழன்றது. மின்னல் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்ளே."

"அன்னிக்கு என் பெடல் அடாப்டரைப் பிடுங்கினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தேய்ப்பு நின்றது. மச்சானின் கண் ஒரு கணம் மாமியார் பக்கம் போய்த் திரும்பியது. சித்தி அதைப் பிடித்துவிட்டார்.

"தெரியாது. ஏதோ லூசா இருந்திருக்கும். விடுங்க" என்றார் மச்சான். "என் மேலயே இருக்கட்டும். சாயங்காலம் வந்து வாசிக்கறேன். எல்லாம் முடிஞ்சு போகட்டும்."

"சார்" என்றார் சித்தி. "பலகையில அடாப்டர் இருந்த இடத்துல வேற என்ன சொருகியிருந்துச்சு?"

மச்சான் லென்ஸை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரு சார்ஜர். யாரோடதுன்னு பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. அப்படித்தானே?"

மச்சான் எழுந்து, அலமாரியைத் திறந்து, ஒரு வெள்ளைச் சார்ஜரை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒயர் அறுந்த இடத்தில் பச்சை நெயில் பாலிஷ் பூசி ஒட்டியிருந்தது.

"ஐயோ, என்னோடது" என்றார் அம்மா.

"அத்தை, நீங்க தெரியாம செஞ்சிட்டீங்க, அதனால என்ன" என்றார் மச்சான் தாழ்ந்த குரலில். "மாப்ளே கோவக்காரர். தெரிஞ்சா உங்களை ஏதாவது சொல்லிடுவாரு. என்னைச் சொன்னா நான் ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடுவேன். அதான் சார்ஜரை எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மின்னல் உடைந்துபோனார்.

"அம்மா இல்ல மச்சான். நான்தான். உங்க விசிறின்னு நினைச்சுப் பிடுங்கினேன். உங்களுக்கு வேர்க்கணும்னு." விசிறியைக் கையால் காட்டினார். "அக்காகிட்டப் போய் உங்களைக் குத்தவாளின்னு சொன்னேன்."

மச்சான் அவரையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்தார். குண்டான அந்த உடம்பு மெல்லக் குலுங்கியது. அழுகிறாரோ என்று பல்பு பயந்தான். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேர்க்கணும்னு செஞ்சு, மேடையில தொப்பலா நனைஞ்சது நீங்களா?"

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று பல்பு ஒரு நாற்காலியைத் தேடிய நேரத்தில் அக்காவின் குரல் வந்தது. அமைதியான குரல். அதனாலேயே எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒரு நிமிஷம். இவன் செஞ்சதை விடுங்க, இவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." விரல் தம்பியிடமிருந்து கணவருக்கு நகர்ந்தது. "நீங்க. எங்கம்மாதான் செஞ்சாங்கன்னு முடிவே பண்ணிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. உங்களுக்காகத் தம்பியோட பேச்சை விட்டேன், அம்மா போனை எடுக்கலை, ராத்திரியெல்லாம் அழுதேன். நீங்க அந்தச் சார்ஜரை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டு, பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டீங்க."

"நல்லதுக்குத்தானே..."

"ரெண்டு பேரும் வெளிய போங்க. அந்தப் பெட்டியையும் தூக்கிக்கிட்டு."

மின்னலும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாக ஆம்பைப் பிடித்துத் தூக்கி, கதவில் இடிக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, நடைபாதையில் கொண்டுபோய் வைத்தார்கள். சித்தியும் பல்புவும் பின்னாலேயே வெளியே வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிய சத்தம் கண்ணாடி வழியாகக் கேட்டது.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றார் மச்சான்.

"ஆகாது" என்றார் மின்னல். "நான் பிறந்ததுலேருந்து எனக்கு அவளைத் தெரியும். நேரா ஹாலுக்குப் போயிடலாம் மச்சான்."

"கீபோர்டு உள்ள இருக்கு மாப்ளே."

"யாராவது போய் எடுத்துட்டு வரணும்."

இரண்டு பேரும் பல்புவைப் பார்த்தார்கள்.

*

அன்று சாயங்காலம் மின்னல் தன் கையால் எக்கோ பெடலை ஆம்பின் பின்பக்கம் இணைத்தார். மச்சான் குனிந்து டார்ச் அடித்தார். நாலாவது நோட்டைத் தாண்டும்போது மின்னலின் முகம் வெளிறியது. ஐந்தாவது நோட்டு வந்தது. அதன் எதிரொலியும் வந்தது. கடைசி நோட்டை அவர் அளவுக்கு மேல் இழுத்தார். மச்சான் கீபோர்டில் கையை வைத்தபடி அது அடங்கும்வரை பொறுத்திருந்தார். சித்திக்குப் பாட்டு பிடிக்கவில்லை. ஆனால் காதில் வைத்த பஞ்சை அந்த இடத்தில் மட்டும் எடுத்தார்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசை, விசிலடித்தே ஐந்து பாட்டுப் பாடிய இரட்டைச் சகோதரிகள் தட்டிக்கொண்டு போனார்கள்.

"ஜட்ஜுக்குக் காது கேக்கலை" என்றார் மின்னல்.

"சுத்தமா கேக்கலை" என்றார் மச்சான்.

அப்போதுதான் ஹாலின் கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருப்பதை இரண்டு பேரும் கண்டார்கள். பக்கத்தில் அம்மா. ஆண்கள் இருவரும் ஆம்பைத் தூக்கிக்கொண்டு, எந்த முகத்தோடு அவர்களைக் கடந்துபோவது என்று தெரியாமல் மெதுவாக நடந்துவந்தார்கள்.

அக்கா எழுந்தார். தம்பியின் வேர்த்த நெற்றியையும் கணவரின் வேர்த்த நெற்றியையும் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். ஒன்றுதான் இருந்தது. அதை அம்மாவிடம் கொடுத்து, "யாருக்குக் குடுக்கறதுன்னு நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கொண்டுவர முன்னால் நடந்தார்.